வியாழக்கிழமைத் தொண்டை வலி

டன்மோயல் மாளிகை,
மேயோ, அயர்லாந்து.
ஜூலை, ஞாயிறு மாலை.

அன்புமிக்க எவரார்டுக்கு, உங்கள் மனைவி லெட்டிஷியா எழுதுவது.

நானும் குழந்தைகளும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதத் தேவையில்லை. வருகிற வியாழக்கிழமை, வாக்கெடுப்பு நாளன்று, உங்களுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும், நாடாளுமன்றத்துக்குப் போக முடியாது என்று நீங்களே முன்கூட்டி எழுதிவிட்டீர்கள். நாள் குறித்துக்கொண்டு வரும் நோயை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

உங்கள் சங்கடம் புரியாமல் இல்லை. குடியானவர்களைக் காரணமின்றி நிலத்தைவிட்டு விரட்டக்கூடாது என்ற சட்டத்தை ஆதரித்தால், உங்கள் மாமா டிர்வின் பிரபு இனி நம் வாசல் மிதிக்கமாட்டார். நாடாளுமன்றத்தில் அதற்காக நீங்கள் பேசிய பேச்சைச் செய்தித்தாளில் பார்த்ததற்கே இன்று தேவாலயத்தில் நம் இருக்கையைவிட்டு எழுந்து பின்னால் போய்விட்டார். எனக்குக் கால் நீட்டி உட்கார இடம் கிடைத்தது.

விஷயத்துக்கு வருகிறேன். பெரிய வீடுகளுக்கு யாரும் வேலை செய்யக்கூடாது என்று வசந்தத்திலிருந்து ஊர்க்கட்டுப்பாடு இருக்கிறதல்லவா? ஆற்றோரப் புல் முற்றிச் சாய்ந்து கிடந்தது. குளிர்காலத்தில் மாடுகளுக்கு எதைப் போடுவது என்று எனக்குத் தூக்கமே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒரு பெருங்கூட்டம் தோளில் அரிவாளோடு வாசலை நோக்கி வந்தது. கதவைத் தாழிடச் சொல்லிவிட்டு, மாடி ஜன்னலிலிருந்து என்ன வேண்டும் என்று கேட்டேன். முன்னால் நின்ற கொல்லன் கான் ஹெகார்ட்டி தொப்பியைக் கழற்றினான். "பயப்படாதீங்கம்மா, புல்லு அறுக்க வந்தோம். துரை அங்க எங்களுக்காக நிக்கிறாரு. இங்க அவரு புல்லு அழுகலாமா?" என்றான். உங்கள் பேச்சைப் பட்டறையில் உரக்கப் படித்துக் காட்டினார்களாம்.

போன குளிர்காலத்தில் நம் பண்ணை ஏஜெண்டு வீட்டைவிட்டுத் துரத்தப் பார்த்தானே, அந்த விதவை சபைனாவும் வந்திருந்தாள். "துரைசானியம்மா, தாழ்ப்பாள் பலமா போட்டாச்சா? அப்ப மோரை ஜன்னல் வழியாத்தான் ஊத்துவீங்களா?" என்றாள். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டுக் கீழே போய்க் கதவைத் திறந்தேன்.

நேற்று மாலை மழை வருவதற்குள் அத்தனையும் அறுத்து, உலர்த்திப் போராக்கிவிட்டார்கள். கூலி வேண்டாம் என்றார்கள். மோரும் ரொட்டியும் பரிமாறும்போது எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நீங்கள் போடப்போகாத ஓட்டுக்கு அவர்கள் வியர்வை சிந்திக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது கான், "துரை ஓட்டுப் போட்டுடுவாருல்லம்மா?" என்று கேட்டான். சபைனாவும் என் முகத்தையே பார்த்தாள். போடுவார் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் பொய்யாக்கிவிடாதீர்கள்.

நீங்கள் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தால், ரயிலடியிலேயே குதிரைகளை அவிழ்த்துவிட்டு, வண்டியைத் தாங்களே வீடுவரை இழுத்து வருவார்களாம். உங்கள் தாத்தாவுக்குப் பிறகு இந்த வீட்டில் யாருக்கும் கிடைக்காத மரியாதை. அதனால் நீங்கள் வந்திறங்கும் சனிக்கிழமை வண்டியில் கிழட்டுக் குதிரை ஜூனோவை மட்டும் பூட்டி அனுப்பப் போகிறேன். காலி வண்டியோடு அது இறக்கத்தில் ரயிலடிவரை போய்ச் சேரும். உங்களையும் ஏற்றிக்கொண்டு மேடேற அதனால் ஆகாது.

மருந்து எதுவும் அனுப்பவில்லை. அங்கே ஓட்டுப் போட வாய்கூடத் திறக்க வேண்டாம், ஆதரிக்கிறவர்கள் பக்கமாக நடந்துபோனால் போதும் என்று நீங்கள்தானே சொல்லியிருக்கிறீர்கள்? வியாழக்கிழமை ஆண்டவர் உங்கள் கால்களுக்குப் பலம் தரட்டும்.

என்றும் உங்கள்
லெட்டிஷியா