ஓர் எழுத்தும் குறையாமல்

தேஜான்,
4 நவம்பர் 2012

அன்புள்ள கியுவோன்,

இன்று நீ போன் செய்ததிலிருந்து மனசு சரியில்லை. "அக்கா, நான் நன்றாக இருக்கிறேன். உணவு நன்றாக இருக்கிறது" என்றாய். செய்தி வாசிக்கிற மாதிரி. "க்கா, சாட்டியா, ன்ன பண்ற" என்று பாதியை விழுங்கிவிட்டுப் பேசுகிறவன் நீ. "வாய்க்குள்ள என்னடா, கொழுக்கட்டையா?" என்று அம்மா கேட்காத நாளில்லை. பட்டாளத்தில் மேலே இருப்பவர்களிடம் எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும், சரி. என்னிடம் எதற்கு? போன் பூத்தில் உன் பக்கத்தில் நின்றது யார்?

குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட்டாயிற்று. உன் பங்கைத் தனி ஜாடியில் வைத்திருக்கிறோம்.

உன் அக்கா,
சொல்ஹீ

காங்வோன்,
13 நவம்பர்

அக்கா,

விடுப்பில் போகிறவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலில் இதைப் பற்றி எழுதாதே. எனக்கு வரும் கடிதங்களை மா என்பவன் பிரித்துப் படிக்கிறான்.

மா என் சீனியர். "மிச்ச எழுத்த யாரு சொல்லுவா, உங்கப்பனா? திருப்பிச் சொல்றா" என்பான். எனக்குச் சரியாக வரும்வரை மொத்த அறையும் சாப்பிடப் போகாமல் நிற்க வேண்டும். அதனால் எல்லாருக்கும் என்மேல்தான் கோபம். போனில் பேசும்போதும் கூடவே நிற்பான். போன வாரம் ஒரு பல் ஆட ஆரம்பித்தது. அவ்வளவுதான்.

யாரிடமும் சொல்லாதே. புகார் போனால் இங்கே நான் இருக்க முடியாது.

கியுவோன்

தேஜான்,
21 நவம்பர்

கியுவோன்,

இனி மா பிரித்துப் படித்தாலும் கவலையில்லை. இன்று காலை ராணுவப் புகார் எண்ணுக்குப் பேசிவிட்டேன். அவன் பெயரைச் சொன்னேன், உன் பல்லைப் பற்றியும் சொன்னேன். சொல்லாதே என்று நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுத்தான் சொன்னேன்.

என்மேல் கோபப்படு. உயிரோடு இருந்து கோபப்படு.

உன் அக்கா

காங்வோன்,
18 டிசம்பர்

சொல்ஹீ அக்காவுக்கு,

மாவை விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். என்னை இதே காங்வோனில் வேறு படைப்பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பல்லுக்கு மருத்துவம் நடக்கிறது. நீங்கள் செய்தது சரி என்று அதிகாரி சொன்னார். எனக்கும் தெரிகிறது.

ஆனால் நான் வருவதற்கு முன்பே, என் வீட்டிலிருந்து புகார் போன செய்தி இங்கே வந்துவிட்டது. என் வயதுக்காரர்கள்தான் எல்லாரும். "ங்கடா போற, வாடா ப்லாம்" என்று பாதிப் பாதியாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் உள்ளே போனால் சிரிப்பு நின்றுவிடும். "கியுவோன், நீங்கள் சாப்பிட்டுவிட்டீர்களா?" என்று ஒருவன் கேட்பான். ஓர் எழுத்தும் குறையாது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து வெளியே போய்விடுவார்கள்.

வருகிற சந்திப்பு நாளுக்கு அம்மா மட்டும் வரட்டும். நீங்கள் வர வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி,
கியுவோன்