முதல் பறப்புக்கு வைத்த பொட்டு

திருப்போரூர்
12.9.2025

அன்பு மகள் பூங்கொடிக்கு,

நைனா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். போன் போட்டால் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

மாமல்லபுரம் கரையில் உன் ஆளில்லா விமானம் மேலே கிளம்பியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிஷமே இறக்கை ஒடிந்து கடலில் விழுந்தது. இறக்கை செய்த ஸ்டான்லியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாக உங்கள் கம்பெனி டிரைவர் மணி சொன்னான். என் லோடு வண்டிக்குச் செய்கிற மாதிரிதானே அதற்கும் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கினேன்? எந்தக் கண் பட்டதோ!

'அந்தப் புள்ளய இன்னாத்துக்கு நோண்டிகினு கீற' என்று உன் அம்மா திட்டுகிறாள்.

இப்படிக்கு
திருவேங்கடம்

பெங்களூரு
20.9.2025

அன்புள்ள நைனாவுக்கு,

போனில் சொன்னால் அழுதுவிடுவேன்.

விமானத்தின் மூக்கில் ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருந்ததே, அதற்குள் எதிர்க்காற்று போனால்தான் விமானத்துக்குத் தன் வேகம் தெரியும். நீங்கள் அதன் நுனியில்தான் சந்தனம் வைத்தீர்கள். ஓட்டை அடைத்துக்கொண்டது. வேகம் போதவில்லை என்று நினைத்து விமானம் தலை குனிந்து மேலும் மேலும் வேகமெடுத்தது. அந்த வேகத்தை எந்த இறக்கையும் தாங்காது. கடலிலிருந்து எடுத்த மூக்கை நான்தான் பிரித்தேன். உள்ளே சந்தனம் இறுகிக் கிடந்தது.

சோதனை எல்லாம் முடிந்த பிறகுதான் நீங்கள் பொட்டு வைத்தீர்கள். மறுபடி பார்க்க வேண்டியது என் பொறுப்பு. நான் உங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டான்லி அண்ணனும் நானும் ஒரே மேஜையில் இறக்கைக்காகக் கார்பன் துணியை அடுக்கடுக்காக ஒட்டி வேலை பழகியவர்கள். பிறகுதான் நான் பறப்புக் கட்டுப்பாட்டுக்கு மாறினேன். உண்மையைச் சொன்னால் இனி என்னை விமானத்தின் பக்கமே விடமாட்டார்கள். சொல்லாவிட்டால் அவர் பிழைப்பு போய்விடும். நான் என்ன செய்யட்டும்?

பூங்கொடி

திருப்போரூர்
25.9.2025

பூங்கொடிக்கு,

சாமி பேரைச் சொல்லி வைத்த பொட்டு விமானத்தைக் கீழே தள்ளுமா? இத்தனை வருஷம் வண்டிக்கு வைக்கிறேன், ஒரு டயர் வெடித்ததில்லை. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இரு. ஸ்டான்லிக்கு வேறு வேலையா கிடைக்காது? இதைப் பற்றி இனி எனக்கு எழுதாதே.

திருவேங்கடம்

பெங்களூரு
3.10.2025

நைனா,

நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஸ்டான்லி அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவர் என்னோடு பேசுவதில்லை. என்னைப் பறப்புக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

உங்கள் பெயரை எழுதவில்லை. 'பார்வையாளர் ஒருவர் பொட்டு வைத்தார், நான் தடுக்கவில்லை' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். பயப்படாதீர்கள்.

பூங்கொடி

திருப்போரூர்
9.10.2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். உன் அம்மா படித்துக் காட்டச் சொன்னாள். கேட்டுவிட்டு, 'அப்ப நீ அவளுக்கு யாரோ ஒருத்தனா?' என்றாள். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பார்வையாளரா நான்? அந்த வார்த்தையை அடித்துவிடு. என் அப்பா திருவேங்கடம் வைத்தார் என்று எழுது. திங்கட்கிழமை அங்கே வருகிறேன், எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

ஸ்டான்லி வீட்டுக்கும் போக வேண்டும். தனியாகப் போக எனக்குத் தைரியம் இல்லை. அவர் பேசாவிட்டாலும் பரவாயில்லை, நீயும் கூட வா.

உன் அப்பா
திருவேங்கடம்