மேல வந்ததும் சொல்லு

காட்டுப்பாக்கம்
12-1-2025

ஆமாண்டா, எம்டன் சப்மரின்தான். எவன் சொன்னான்னா கேக்கற? ஊரே சொல்லுது. மெட்ராசுக்கு தண்ணிக்குள்ளாறயே வந்து, மூஞ்ச மட்டும் வெளிய நீட்டி குண்டு போட்டுட்டு, மறுபடி உள்ள போய்ட்டான். அதனாலதான் எங்கம்மா என்னை எம்டன்னு கூப்டுது. நான் எப்ப ஊட்டுக்குள்ள வரேன், எப்ப சோத்த துன்னுட்டு எஸ்கேப் ஆவறேன்னு அதுக்கு தெரியாது இல்ல? நீ கிளாஸ்ல தைரியமா சொல்லு மச்சான். சப்மரின் ட்ரெய்னிங்ல கீற பையன், எங்க ஊருக்கே சப்மரின் வந்துச்சுன்னா மெர்சலாய்டுவானுங்க.

உன் போன வாங்கி பூட்டி வெச்சிட்டானுங்கன்னு எழுதின. ஞாயித்துக்கெயம குடுக்கற பத்து நிமிசத்த உங்கம்மாவுக்கே பேசு, நமக்கு லெட்டர் போதும். பூந்தமல்லி போஸ்ட் ஆபீஸ்ல ஸ்டாம்ப் கேட்டா அந்தக்கா என்னை ஏற எறங்க பாக்குது. "லவ் லெட்டராப்பா?"ன்னுச்சு. "ஆமாக்கா, ஆளு மீச வெச்சிருக்கும்"னேன்.

பாலிடெக்னிக்க வுட்டுட்டேன். திட்டாத. இப்ப வாட்டர் கேன் போடறேன். லிஃப்ட் கீற ஊட்ல எவனும் கேன் வாங்க மாட்டறான். மூணாவது மாடிக்காரன்தான் வாங்கறான்.

உங்கம்மாகிட்ட நீ சொன்ன மாரியே, "பெரிய கப்பல்மா, மேலதான் வேல, காத்தோட்டமா கீறான்"னு சொல்லி வெச்சிருக்கேன். எத்தினி நாளைக்குடா டபாய்க்கறது? செம்பரம்பாக்கம் ஏரில முட்டி வரைக்கும் எறங்க பயந்தவன் நீ. கடலுக்கு அடில போவப் போறன்னு தெரிஞ்சா அவங்க மயங்கி வுயுந்துடுவாங்க.

ஒயுங்கா துன்னு.

உன் பரத்

*

விசாகப்பட்டினம்
26-1-2025

அன்புள்ள பரத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்ததும் ஊருக்கு வந்து உன்னை உதைக்க வேண்டும் போல் இருந்தது. அதற்கெல்லாம் இங்கே லீவு தரமாட்டார்கள்.

எம்டன் நீர்மூழ்கியே இல்லையடா. தண்ணீருக்கு மேலே ஓடிய ஜெர்மன் போர்க்கப்பல். உன்னை நம்பி வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன். பாடம் எடுப்பவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இப்போது எனக்குப் பெயரே எம்டன். பக்கத்துக் கட்டில் பஞ்சாபிப் பையன்கூட "எம்டன், சப்பாத்தி எடு" என்கிறான்.

இன்னொன்றும் நடந்தது. உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். நீர்மூழ்கியில் கக்கூஸ் போவது நம் வீட்டில் வாளித் தண்ணீரை ஊற்றுவது போல் இல்லை. வெளியே கடல் மொத்தமும் அழுத்திக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு வால்வாக, வரிசை தவறாமல் திருப்ப வேண்டும். பயிற்சி அறையில் நான் ஒன்றை மாற்றித் திருப்பிவிட்டேன். எல்லாம் பீறிட்டு என் முகத்துக்கே வந்தது. வெறும் தண்ணீர்தான், நீ ரொம்பச் சந்தோஷப்படாதே.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து எந்த வால்வைத் தொட்டாலும் கை நடுங்குகிறது. இங்கே தவறு செய்தால் முகம் நனையும். கடலுக்கு அடியில் செய்தால் கூட இருக்கும் அத்தனை பேருக்கும் ஆபத்து.

விருப்பம் இருந்தால்தான் நீர்மூழ்கி. வேண்டாம் என்றால் மேல் கப்பலுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிப்ரவரி முடிவதற்குள் சொல்ல வேண்டும். நீ ஒன்றைப் பாதியில் விட்டவன். விட்டால் எப்படி இருக்கும் என்று உனக்குத்தான் தெரியும். நானும் விட்டுவிடவா? கிண்டல் செய்யாமல் எழுது. அம்மாவிடம் மூச்சு விடாதே.

அன்புடன்,
தமிழரசு

*

காட்டுப்பாக்கம்
4-2-2025

டேய் எம்டன்,

சாரிடா. சிரிச்சி சிரிச்சி வவுறு நோவுது, ஆனாலும் சாரி. எம்டன் சப்மரின் இல்லியாம்னு டீக்கட உதயகுமார் அண்ணாத்தேகிட்ட சொன்னேன். "பாலிடெக்னிக்கே முடிக்காத பய, எங்க தாத்தா கண்ணால பாத்தாருடா"ன்னு பாய்லர வுட்டு எறங்கி அடிக்க வந்துட்டாரு.

சரி, நெஜமான ஜெர்மன்காரன் சப்மரின் ஒன்ன புடிப்போம்னு போன்ல தேடினேன். உனக்குன்னே ஒன்னு மாட்டுச்சு மாமே. பேரு யு-1206. ரெண்டாவது உலகப் போர்ல, நாப்பத்தி நாலுல வேலைக்கு சேந்துச்சு. ஒரு வருசம் ட்ரெய்னிங்லயே ஓட்டிச்சு, உன்னை மாரி. நாப்பத்தஞ்சு ஏப்ரல்ல நார்வேலேந்து மொத மொத சண்டைக்கு கெளம்புது. ஒரு கப்பலைக்கூட அது கவுக்கல. ஒரே வாரம், ஸ்காட்லாந்து பக்கத்துல கத முடிஞ்சிடிச்சு. எதால? கக்கூசால!

சத்தியமா மச்சான். அதுல புது மாடல் கக்கூஸ், கடலுக்கு அடி ஆயத்துலயே போலாம். ஆனா வால்வ திருப்ப தனியா கத்துகினு வந்த ஆளு வோணும். எவனோ மாத்தி திருப்பிட்டான். கேப்டனேதான்னு ஒரு பேச்சு கீது. அவரு, "நான் இல்லப்பா, நான் இஞ்சின் பக்கம் நின்னுகினு இருந்தேன்"னு எழுதி வெச்சிருக்காராம். கடல் தண்ணி உள்ள பூந்து, கீய பேட்டரில எறங்கி, விசப் பொகை கெளம்பிடுச்சு. மூச்சு வுட முடியல. மேல வந்தானுங்க. மேல பாத்தா ஏரோப்ளேன். குண்டு வுயுந்துச்சு. மறுபடி முங்க முடியல. கப்பல அவனுங்களே முயுவடிச்சிட்டு ரப்பர் போட்ல குதிச்சானுங்க. செத்தது மூணு பேருன்னு ஒருத்தன் சொல்றான், நாலுன்னு ஒருத்தன் சொல்றான். மீதி அத்தினி பேரும் பொயச்சி கைதியா மாட்டினானுங்க. அடுத்த மாசம் அங்க சண்டையே முடிஞ்சிடிச்சு.

படிக்க சொல்லோ மொதல்ல சிரிச்சேன். செத்தவனுங்க கிட்ட வந்தப்ப சிரிப்பு நின்னுச்சு.

இப்ப நீ திட்டற விசயம் ஒன்னு. உங்க ஊட்டுக்கு கேன் போட போனப்ப வாய் அடங்காம இந்த கதைய உங்கம்மாகிட்ட சொல்லிட்டேன். அவங்க பூண்டு உரிச்சிகினு இருந்தாங்க. எல்லாத்தயும் கேட்டுட்டு, "அப்ப என் புள்ள போற கப்பல்ல கக்கூசு ஒயுங்கா கீதாடா?"ன்னாங்க.

"அவன் மேலதான கீறான்மா"ன்னேன்.

"இன்னொரு தபா மேல கீறான்னு சொன்ன, கேனத் தூக்கி மண்டைல போட்டுடுவேன். நல்லா கீற புள்ளைய எவனாவது மேல கீறான், மேல போறான்னு சொல்லுவானாடா, பரதேசி? கப்பல் மேல நிக்கறவன் கடலு எப்டி கீதுன்னு ஒரு வார்த்த பேசமாட்டானா? அவன் கீயதான் போறான்னு எனக்கு அப்பவே தெரியும்."

"பயமா இல்லியாமா?"ன்னேன்.

"இல்லாம? ஆனா கீய போறவன் மேல வந்துடலாம். மேல போனவன்தான் வரமாட்டான். அவன கீயயே போவ சொல்லு."

சொல்ட்டு உள்ள போய், கொயாவ தொறந்து வுட்டு ரொம்ப நேரம் மூஞ்சி கயுவினாங்க.

வுட்டா எப்டி இருக்கும்னு கேட்ட இல்ல? மொத வாரம் ராஜா மாரி இருக்கும். அப்பறம் காலைல சட்ட போட்டுகினு தெரு முனைல நின்னு, எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம திரும்பி வருவ. நான் வுட்டதால எவன் உசுருக்கும் சேதாரம் இல்ல, வாத்தியாருக்கு நிம்மதி. நீ வந்தா எனக்கு ஜாலிதான். பைக்ல பின்னாடி ஆளு இல்லாம, குமணன்சாவடி சிக்னல்ல நானே என்கூட பேசிகினு நிக்கறேன். கீய ஒரு வரிய எயுதி பேனாவால அடிச்சிருக்கேன், அத கண்டுக்காத.

அந்த கப்பல்ல, மூஞ்சில ஒரு தபா வாங்கின ஆளு ஒருத்தன் இருந்திருந்தா, வால்வுல கை வெக்க சொல்லோ ரெண்டு தபா யோசிச்சிருப்பான். நீ வாங்கிட்ட. கை நடுங்குதா, நடுங்கட்டும். அசால்ட்டா போற கைதான்டா மாத்தி திருப்பும்.

நீ போ மச்சான்.

பரத்

*

விசாகப்பட்டினம்
2-3-2025

அன்பு நண்பனுக்கு,

நீர்மூழ்கிக்கே சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவுடன் போன ஞாயிறு பேசினேன். கப்பலைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடைசியில் மட்டும், "அந்த வால்வ பாத்து திருப்புப்பா" என்றார்.

கை இன்னும் நடுங்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். நாம் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு கத்துவோமே, அந்த ராகத்தில் வால்வு வரிசையைத் தமிழில் சொல்லிக்கொண்டே திருப்புகிறேன். பஞ்சாபிப் பையனும் அர்த்தம் தெரியாமலே அதே ராகத்தில் கத்துகிறான். இரண்டு பேருக்கும் இதுவரை முகம் நனையவில்லை.

சில நாளில் கடலுக்குப் போகிறோம். எப்போது திரும்புவோம் என்று சொல்லக் கூடாது. எனக்கும் தெரியாது. மேலே வந்ததும் முதல் போன் அம்மாவுக்கு, அடுத்தது உனக்கு.

நீ அடித்த வரியை விளக்குக்கு நேராகப் பிடித்துப் படித்துவிட்டேன். வரி முழுக்க "வா வா வா" என்றுதான் எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே "நீ போ" என்று எழுத உன்னால் எப்படியடா முடிந்தது?

தெரு முனையில் நிற்காதே. ஏதாவது ஒரு பக்கம் போ.

உன்,
எம்டன்

*

காட்டுப்பாக்கம்
15-6-2025

மச்சான்,

நீ தண்ணிக்கு அடில கீற, இது கரைல ஏதோ பொட்டில கெடக்கும்னு தெரியும். இருந்தாலும் எயுதறேன். போஸ்ட் ஆபீஸ் அக்கா, "இன்னாப்பா, மீசக்காரம்மா பதில் போடறதில்லியா?"ன்னு கேக்குது. மானம் போவுது.

வாட்டர் கேன வுட்டுட்டேன். இரு, கத்தாத. அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனில சேந்துட்டேன். பாத்ரூம் கொயா, வால்வு எல்லாம் பண்றோம். எல்லாத்தயும் தண்ணி வுட்டு ஒயுவுதான்னு பாக்கறது என் வேல. நேத்து ஒன்ன மாத்தி திருப்பி சூப்பர்வைசர் ராஜசேகரன் சாருக்கு மூஞ்சி, சட்ட எல்லாம் தண்ணி. "சாரி சார், இதாலதான் ஜெர்மன்காரன் தோத்தான்"னேன். மனுசன் சிரிச்சிட்டாரு. இந்த வேலைய வுடமாட்டேன்னு தோணுது. தோணுதுன்னுதான் சொன்னேன்.

ஞாயித்துக்கெயமன்னா உங்க ஊட்லதான் சோறு. உங்கம்மா எனக்கு எதிர்ல ஒரு தட்டு காலியா வெக்கறாங்க. "மேல வந்துட்டானாடா?"ன்னு மட்டும் கேப்பாங்க. "இன்னும் கீயதாமா கீறான், சூப்பரா கீறான்"ன்னுவேன். "அப்டி சொல்லு"ன்னு இன்னொரு கரண்டி கொயம்பு வுடுவாங்க. பக்கத்து ஊட்டு சௌம்யாக்கா எங்க ரெண்டு பேத்தயும் லூசுன்னு நெனச்சிகினு கீது.

இப்பகூட தெரு முனைல பைக் மேல குந்திகினுதான் எயுதறேன். ஒரு மாசமா ராத்திரில முயிப்பு வந்தா, அந்த ஜெர்மன்காரன் கப்பல...

இன்னாடா இது. உங்கம்மா செருப்புகூட இல்லாம தெருவுல ஓடியாறாங்க. கைல போன் கீது. "டேய் பரத்து, மேல வந்துட்டாண்டா! என் புள்ள மேல வந்துட்டான்!"னு கத்தறாங்க. யாரு மேல போய்ட்டாங்கன்னு தெருவே கதவ தொறந்துகினு ஓடியாருது. சௌம்யாக்கா அயுதுகினே வருது. என் பாக்கெட்லயும் போன் அடிக்குது.

நான் போறேன்டா.