அல்புதம், அற்புதம், அர்புதம்

1954 ஜூன் 12, சனி

இடவப்பாதி மழை, மலையாளத்துப் பருவமழை. துணி எதுவும் காயவில்லை. அப்பாவுடன் கிழக்கேகோட்டைக் கோயிலுக்கு. ஆண்கள் சட்டையைக் கழற்றினால்தான் உள்ளே விடுவார்கள். அப்பாவும் கழற்றினார், ஆனால் துண்டை இடது மார்போடு அழுத்திப் பிடித்தபடியே நடை. பின்னாலிருந்து உருவினேன். சும்மா விளையாட்டுக்கு.

இடது காம்பு உள்ளே இழுத்துக் கிடக்கிறது, பொத்தானை இறுக்கித் தைத்த மாதிரி. சுற்றிலும் பொருக்கு, நீர்க்கசிவு.

"என்னப்பா இது?"

"சொறி, மக்ளே. துண்டைக் கொண்டா."

"தமிழ்ச் சொறியா, இங்கிலீஷ் ஸாரியா?"

சிரித்தார். துண்டைப் பிடுங்கிய வேகத்தில் சிரிப்பு இல்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் போட்டுக்கொடுத்தேன்.

ஜூன் 14, திங்கள்

அம்மா அவரை ஆசுபத்திரிக்கு இழுத்துப்போனாள். திரும்பி வந்து ஒரே புலம்பல். "ஆறு மாசமா களிம்பு தடவுதேன்னு டாக்டர்ட்ட சொல்லுதாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாரா?"

காம்புக்கு அடியில் ஒரு கட்டி இருப்பதை டாக்டர் தொட்டுக் கண்டுபிடித்தாராம். மரத்துப்போக ஊசி போட்டு, சின்னத் துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். நான் உருவியதும் துண்டு, அவர் எடுத்ததும் துண்டு. இதை அப்பாவிடம் சொன்னேன். "ஒண்ணுதான் திரும்பி வந்திருக்கு" என்றார்.

ஜூன் 21, திங்கள்

முடிவு வந்தது. அப்பா உள்ளே கட்டு மாற்றிக்கொண்டிருக்க, டாக்டர் வெளியே வந்து அம்மாவிடம் மட்டும் சொன்னாராம். அம்மாவின் மலையாளம் கீரைக்காரியோடு பேரம் பேசத்தான் காணும்.

"அற்புதம்னு சொல்லிட்டாரு! முகத்தைத்தான் ஏன் உம்முன்னு வச்சிருந்தாரோ."

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டே வீடு வந்தாள். அடுத்த திங்கள் வந்து படுக்கையில் சேரணும் என்றும் சொன்னாராம். அப்பா: "சொகமானவனுக்கு எதுக்குப் படுக்கை? ஆனி முகூர்த்தம். கடையில துணி கிழிக்க ஆளில்லை." அதாவது, போகமாட்டார்.

ஒரு நெருடல். அற்புதம் என்பதற்கு மலையாளத்தில் 'அல்புதம்' என்பார்கள். டாக்டர் சொன்ன மாதிரியே அம்மாவைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னேன். ஒருதடவைகூட 'ல்' வரவில்லை, 'ர்' தான்.

ஜூன் 22, செவ்வாய்

இடைவேளையில் மலையாள ஸாரைப் பிடித்தேன். "ஸாரே, அர்புதம் எந்நு வெச்சால் எந்தா?"

"கேன்ஸர்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆர்க்கா, குட்டீ?"

ஆர்க்கும் இல்லை என்றேன். வழக்கமாகப் பொய் நன்றாக வரும்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். முதுகில் இரண்டு அடி. "வார்த்தையை வச்சு வெளையாட அப்பன் உசிருதான் கிட்டிச்சா, மூதி?"

இந்த மாதம் அம்மாவை ஏமாற்றியவை:
சர்க்கரை டப்பாவில் உப்பு.
மாமா வந்திருக்கிறார் என்று வாசலுக்கு ஓடவிட்டது.
வராத தந்தி.

நானாக இருந்தாலும் என்னை நம்பமாட்டேன்.

ஜூன் 23, புதன்

பள்ளிக்கூடத்துக்கு மட்டம். நேரே சாலைக் கடைத்தெருவுக்கு, அப்பாவின் ஜவுளிக்கடைக்கு. சிரிக்காமல் இருக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். தேவைப்படவில்லை. சிரிப்பு வரவே இல்லை.

"அப்பா, டாக்டர் சொன்னது அற்புதம் இல்லை. அர்புதம். ஸார்கிட்ட கேட்டுட்டேன்."

இருபது வருஷமாக மலையாளத்தில் வியாபாரம் பேசுகிறவர். கஜக்கோலைக் கீழே வைத்தார்.

"எனக்கா? மார்லயா? அது பொம்பளை சீக்குல்லா?"

"மாரை நிமுத்தி நடன்னு ஆம்பிளையைத்தானப்பா சொல்லுதாங்க!"

சட்டைக்கு மேலே மார்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு செருப்பைத் தேடினார்.

ஆசுபத்திரியில் டாக்டர் நிதானமாகச் சொன்னார்: ஆணுக்கு வருவது அபூர்வம். அதனால்தான் சொறி என்று நினைத்து எல்லோரும் தாமதிக்கிறார்கள். மார்புத் தசையோடு அக்குளில் இருக்கும் நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட வேண்டும். அந்த நெறிகளுக்குள் நோய் போகாமல் இருந்தால் பயமில்லை. போயிருந்தால் கஷ்டம்.

அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. "துணி கிழிக்கக் கை தூக்க முடியுமா, டாக்டரே?" பழகினால் முடியுமாம்.

அம்மா அடுக்களையில் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அடித்த இடத்தையே தடவினாள். தேங்காய் உடைத்தது வீணா என்று கேட்டாள். பிள்ளையாருக்கு இரண்டு பாஷையும் தெரியும் என்றேன்.

ஜூன் 28, திங்கள்

சேர்த்தாயிற்று. கட்டிலைச் சுற்றி மருத்துவ மாணவர்கள், பொருட்காட்சிக் கூட்டம். "ரேர் கேஸ், ரேர் கேஸ்" என்று ஒருவர் காதில் ஒருவர். அப்பா ரொம்பப் பெரிய மனுஷர் ஆகிவிட்டார்.

"பாத்தியா? அப்பன் அபூர்வமானவன்."

"இது எங்களுக்கு முன்னயே தெரியும். டாக்டருக்குத்தான் இப்ப தெரிஞ்சிருக்கு."

ஜூலை 1, வியாழன்

ஆபரேஷன். மூன்று மணி நேரம். நானும் அம்மாவும் ஒரே பெஞ்சு. ஒரு பகடிகூட ஓடவில்லை. வெளியே கொண்டுவந்தபோது வாய் குழற, "நாலு முழம், நாலு முழம்" என்று யாருக்கோ துணி அளந்துகொண்டிருந்தார். பிழைத்துவிடுவார். எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜூலை 10, சனி

மழை விட்டிருக்கிறது. அப்பா சுவரில் விரலை ஏற்றி ஏற்றிக் கை தூக்கப் பழகுகிறார். இன்று காது உயரம் வரை. பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

அக்குள் நெறிகளைச் சோதித்த முடிவோடு டாக்டர் வந்தார். நேராக அம்மாவிடம் வந்தார். அம்மா எழுந்து என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். "இவகிட்ட சொல்லுங்கோ. எனக்குக் காது சரியில்லை."

டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒந்நுமில்ல."

அம்மா என் தாவணியை இழுத்தாள். "அவங்க பாஷையில அதுக்கு என்னட்டீ அர்த்தம்?"

"ஒண்ணுமில்லைன்னுதாம்மா."