புளி போட்டுத் தேய்ச்ச காளைக்காசு

புதூர்நாடு,
செவ்வாய்க்கிழமை காலை.

என் அக்கா மகள் ரேணுகாதேவிக்கு, ஏழாவது வரைக்கும் படிச்சே எழுபது ராஜாக்களின் காசைத் தடவிப் பார்த்துச் சொல்லக்கூடிய உன் தாய்மாமன் தீர்த்தகிரி ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

உன் அம்மா சுகம். சாமை அறுத்தாச்சு, மழை ஏமாத்தலை. போனில் பேசலாம்னா, டவர் கிடைக்கிற பாறைக்கு அக்காவும் என் பின்னாலேயே வந்து உட்கார்ந்துக்கிறா. அதனால்தான் ஜீப் ராஜேஷ் கையில் கடிதம். ஷூ கம்பெனியில் நின்னபடி பிரிக்காதே கண்ணு. ஹாஸ்டலுக்குப் போய்ப் படி.

என் காசு போட்டோக்களை இப்போ நாலு தேசத்துக்காரன் பார்க்கிறான். ஒருத்தன் இங்கிலீஷில் ஒரு பக்கம் பாராட்டியிருக்கான், எனக்குப் படிக்கத்தான் நேரம் இல்லை. தேய்ஞ்ச காசைப் படம் பிடிக்க நம்ம மலையிலேயே என்னை விட்டா ஆள் கிடையாது.

உன் அண்ணன் ஆனந்தன் ஏர் ஓட்டும்போது ஒரு செப்புக்காசு எடுத்தானே, ஞாபகம் இருக்கா? படுத்திருக்கிற காளை போட்டது. பல்லவ ராஜா நம்ம கொல்லையில் கூடாரம் அடிச்சப்போ விழுந்ததுன்னு ஊரெல்லாம் சொன்னேன். ஒண்ணு மட்டும் சொல்லலை. குத்துவிளக்கு மாதிரி பளிச்சுனு ஆகட்டும்னு நம்ம மரத்துப் புளியைப் போட்டு ஒரு மணி நேரம் தேய்ச்சேன். காளையே கரைஞ்சுபோச்சு. கொம்பையாவது தேடலாம்னு ஊக்கால் நோண்டினேன், குறுக்கே ஆழமா ரெண்டு கீறல் விழுந்துடுச்சு. பழங்காசு வாங்கி விக்கிற வாணியம்பாடி நசருல்லா பாய் படத்தைப் பார்த்துட்டு, "இன்னா மாமு, காளையைக் கழுவி ஆடாக்கிட்டியே"ன்னு சிரிச்சார். அப்புறம் அது எதுக்கும் ஆகாதுன்னு ஓட்டை போட்டு ஆனந்தனிடமே கொடுத்தேன். அவன் ஆசையா அரைஞாணில் கோத்துக்கிட்டான்.

ஆந்திரா பக்கம் வேலைக்குன்னு போனவன் நாலு மாசமா பேசலை இல்லையா. போன வாரம் அந்தப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து ஆள் அனுப்பி, வேலைக்குப் போய்த் திரும்பாதவங்க வீட்டிலெல்லாம் விசாரிச்சாங்க. ஏரியில் ஒரு உடம்பு கிடந்துச்சாம். முகம் தெரியலையாம். இடுப்பில் ஒரு காசு இருந்துச்சாம். நான் போனேன்.

அந்த போலீஸ்காரர் காசின் மேலேயே லைட்டைக் கொட்டிப் படம் எடுத்து வெச்சிருந்தார். ஒண்ணும் தெரியலை, வெறும் செப்பு வட்டம். நான்தான், சார், லைட்டைப் படுக்க வெச்சுப் பிடிங்க, நிழல் விழுந்தாத்தான் உள்ளே இருக்கிறது எழும்பும்னு சொல்லிக் கொடுத்தேன். "நீங்க பெரிய ஆளா இருப்பீங்க போலிருக்கே"ன்னு நாற்காலி போட்டார். கறுப்புத் துணி விரிச்சு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்ச்சார். நிழல் விழுந்துச்சு.

ரெண்டு கீறல். குறுக்கே.

உலகத்தில் எந்த ராஜாவும் அந்தக் கீறலைப் போடலை ரேணுகா. நான் போட்டது.

வூட்டுக்கு வந்தா அக்கா வாசலிலேயே நின்னு, "இன்னாடா, நம்ம புள்ளையோடதா?"ன்னு கேட்டா. என் வாய் என்னைக்குத்தான் சும்மா இருந்துச்சு? அது வேற காசு அக்கா, நாயக்கர் காலத்துக் காசு, சிங்கம் போட்டது, வால் கூடத் தெரியுதுன்னு சொல்லிட்டேன். வாலைச் சிமெண்டுத் தரையில் வரைஞ்சு வேற காட்டினேன். ஐம்பது வருஷமா என் ஒரு பேச்சையும் நம்பாதவ, இதை நம்பிட்டா. அன்னைக்கு எனக்குச் சாமைச் சோறும் கோழிக் குழம்பும் போட்டா. அவனுக்குன்னு ஒரு கிண்ணம் எடுத்து மூடி வெச்சா. தினமும் வெக்கிறா.

உடம்பை வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் ஆஸ்பத்திரியில் வெச்சிருப்பாங்களாம். அப்புறம் யாருமில்லாத உடம்புன்னு அவங்களே புதைச்சுடுவாங்களாம். பெத்தவங்க இல்லேன்னா கூடப் பிறந்தவங்கதான் வந்து கையெழுத்துப் போடணுமாம். தாய்மாமன்னு சொல்லிப் பார்த்தேன், ஊரில் பெரிய மனுஷன்னும் சொல்லிப் பார்த்தேன். ஆகாதுன்னுட்டாங்க.

புதன்கிழமையே லீவு சொல்லிட்டு ராஜேஷ் ஜீப்பில் ஏறி வா. அம்மாவுக்கு ஒண்ணும் வாங்கிட்டு வராதே. அந்தக் காசை அவன் இடுப்பை விட்டு அவிழ்க்கக் கூடாதுன்னு கேட்டுக்கலாம். இனி அதைப் படம் பிடிக்க வேண்டாம்.

ஜவ்வாது மலைச் சாமி எல்லாம் உனக்குத் துணை இருக்கட்டும், கண்ணு. அக்காகிட்டே உண்மையை நானே சொல்றேன். நீ பக்கத்தில் மட்டும் நில்லு. நான் சொன்னா அவ நம்பமாட்டா.

உன் மாமன்,
தீர்த்தகிரி