கறிவேப்பிலைச் சாடி மண்

அக்கா, இன்று காலையும் பல்கனிக் கதவைத் திறந்ததும் அதே நாற்றம். உன் பூனை சூட்டி கறிவேப்பிலைக் கன்று நட்ட சாடிக்குள் அசிங்கம் பண்ணி வைத்திருக்கிறாள். நீ கண்ணை மூடியபின் அவளை இந்த வெள்ளவத்தை ஃபிளாட்டுக்குத் தூக்கிவந்தபோது இதற்கெல்லாம் சிரித்தேன். இப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுகிறேன். என் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியிருக்கிறது அக்கா. கோயில் கோயிலாக ஏறி இறங்கி, இத்தனை வருஷம் கழித்து!

பொரளையில் டொக்டர் முதலில் கேட்டதே, "பூனை வளக்கிறனீங்களோ?" என்றுதான். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி பூனையின் கழிவிலிருந்து வருமாம். நம் உடம்பின் கலங்களுக்குள்ளேயே புகுந்து குடியிருக்குமாம். "இப்பப் புதுசாத் தொத்தினா வயித்தில இருக்கிற பிள்ளைக்குக் கூடாது" என்று இரத்தம் எடுக்க அனுப்பினார். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. தோல் உரியுமளவுக்குக் கை கழுவுகிறேன். மாமியோ, "அந்தச் சனியனைக் கொண்டுபோய் மார்க்கெட்டில விடு பிள்ளை" என்று ஒரே பிடி. உன் பூனையை எப்படி விடுவேன்? பிள்ளைக்கு ஏதும் ஆனால் எப்படித் தாங்குவேன்?

கொட்டாஞ்சேனை வீட்டில் அம்மா வேலைக்குப் போன மத்தியானங்களில், மிஞ்சிய சோறு கறியெல்லாம் ஒரே சட்டியில் போட்டு நீதான் குழையல் குழைப்பாய். ஒழுங்கையில் திரிந்த தெருப்பூனைகள் அசிங்கம் பண்ணிய சாடி மண்ணைக் கிளறிய கையை, பாவாடையில் ஒரு துடை, அவ்வளவுதான். எனக்கு ஓர் உருண்டை, பூனைக்கு ஓர் உருண்டை. "கையைக் கழுவக்கா" என்றால், "சும்மா தின்னடி, சாகமாட்டாய்" என்பாய். நானும் விரல் சூப்பித் தின்பேன்.

இன்று மத்தியானம் இரத்த ரிப்போர்ட்டோடு போனேன். டொக்டர் வாசித்து முடிக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது பழைய தொற்று. சின்ன வயசில எப்பவோ வந்திருக்கு, உடம்பு பழகிட்டுது. பிள்ளைக்குப் பயமில்லை."

"இனி அது என்னை விட்டுப் போயிடுமோ டொக்டர்?"

"இல்லை. பேசாமல் உள்ளுக்குப் படுத்திருக்கும், கடைசிவரைக்கும்."

பஸ்ஸில் வரும்போது அழுதேன் அக்கா. உன் சேலைகளைக்கூடக் கொடுத்தாயிற்று, சூட்டியையும் விட்டுவிட்டால் உன்னுடையது என்று என்னிடம் ஒன்றுமே மிஞ்சாது என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். அது உன் உருண்டையில்தான் வந்தது என்று டொக்டர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து குழையல் குழைத்தேன். முதல் உருண்டை சூட்டிக்கு. பயம் இன்னும் முழுக்கப் போகவில்லை, சவர்க்காரம் போட்டு இரண்டுதரம் கை கழுவிவிட்டுத்தான் குழைத்தேன். சிரிக்காதே அக்கா.