சாப்பிட்டால் படபடக்கும் நெஞ்சு

12.8.1998, புதன்

ஈ.சி.ஜி. இன்றும் நன்றாக இருக்கிறதாம். சாப்பிட்ட பிறகுதான் நெஞ்சு படபடக்கிறது என்று கோவில்பட்டி டாக்டரிடம் மறுபடியும் சொன்னேன். "வெறும் பயம்தாம்மா" என்றார்.

"நான் அப்பவே சொன்னேம்லா" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. புதூரிலிருந்து வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வந்தவளுக்கு எப்படிப் படபடக்கும்?

ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே தூக்குவாளியைத் திறந்து கம்பஞ்சோறு முழுவதையும் சாப்பிட்டேன். "ஏட்டி, எல்லாரும் பாக்காவ" என்றார். நெஞ்சு அடிக்கத் தொடங்கியதும் உள்ளே போய்க் கையை நீட்டினேன். டாக்டர் நாடியைப் பிடித்தார். உடனே இன்னொரு ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார்.

பிறகு என்னை விட்டுவிட்டு வீட்டுக்காரரிடம் விளக்கினார்: "வயிறு நிறைஞ்சு உப்பினா இவங்களுக்கு நெஞ்சு படபடக்குது. கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடச் சொல்லுங்க."

அவரும் பவ்யமாகத் தலையாட்டினார். ஆறு மாதமாக நான் சொன்னதும் இதைத்தானே?